நாலு ஓரமும் தெரியும்படி

அன்புச்செல்விக்கு ரத்தம் எடுக்கிற வேலை. கிண்டியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் இருக்கிறாள். நரம்பு தெரியாத முதியவர்களையும் வீறிட்டு அழும் குழந்தைகளையும் அவளிடம்தான் அனுப்புவார்கள். ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட கை, ஓர் அட்டையை வெட்டப்போய்த் தோற்றது.

அட்டையை வெட்ட வேண்டி வந்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன் அசோகன்.

சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த அவர்களுடைய வீட்டுக்குள் 2015 வெள்ளம் புகுந்தபோது புகைப்படங்களெல்லாம் போய்விட்டன. பிறகு அந்த வீட்டையும் இடித்து, அம்மா முனியம்மாளுக்குப் பெரும்பாக்கம் அரசு அடுக்குமாடியில் ஒரு வீடு ஒதுக்கினார்கள். போன வருடம் அசோகன் மாரடைப்பில் இறந்தான். ஆதார் அட்டையில் இருந்த மங்கல் முகத்தைத் தவிர, மகனைப் பார்க்க அம்மாவிடம் வேறு படம் இல்லை.

அன்புச்செல்வி அலைந்து திரிந்து ஓர் உறவினர் வீட்டில் பழைய குடும்பப் படம் ஒன்றைக் கண்டுபிடித்தாள். யாருடைய கல்யாணத்திலோ எடுத்தது. எல்லோரும் வரிசையாக நிற்க, வலது கோடியில் அசோகன். அதை ஒரு ஃப்ரேம் கடையில் கொடுத்தாள். அவர்கள் சுற்றித் தந்த தாளைக்கூடப் பிரிக்காமல் அம்மாவிடம் கொண்டுபோனாள்.

முனியம்மாள் தாளைப் பிரித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். மறுபடியும் முன்பக்கம் பார்த்தாள்.

"இன்னாடி இது? என் புள்ள எங்க?"

ஃப்ரேமுக்குள் அடக்குவதற்காகக் கடைக்காரர் படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தார். அசோகனின் சட்டைக் கை மட்டும் மிச்சம் இருந்தது.

"நீதானே வெட்டச் சொன்ன?" என்றாள் முனியம்மாள்.

"ஐயோ, இல்லம்மா!"

"உனக்குத்தான் அவனக் கண்டாலே ஆவாதே."

அசோகன் குடித்துவிட்டு மனைவியை அடிப்பான். ஒருமுறை அண்ணியின் கை முறிந்தபோது அன்புச்செல்விதான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். காவல் நிலையத்தில் சாட்சியும் சொன்னாள். அண்ணி தாய்வீட்டோடு போய்விட்டாள். அதன்பிறகு சாகும்வரை அசோகன் தங்கையிடம் பேசவில்லை. அம்மா இதைப்பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போதுதான் சொன்னாள்.

அன்புச்செல்வி அன்றே கடைக்கு ஓடினாள். வெட்டிய துண்டு குப்பையோடு போய்விட்டிருந்தது.

"உங்களக் கேட்டுத்தானேம்மா வெட்டினேன்?" என்றார் கடைக்காரர். "சைஸக் கொஞ்சம் கொறச்சிக்கலாமான்னேன். நீங்க போன்ல பேசிக்கினே சரின்னீங்க."

அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. ஃப்ரேமின் சைஸைத்தான் கேட்கிறார் என்று நினைத்திருந்தாள். உறவினர் வீட்டில் அவசரத்தில் செல்போனில் எடுத்துவைத்த பிரதியிலோ, டியூப்லைட் வெளிச்சம் சரியாக அண்ணன் முகத்தின்மேல் விழுந்திருந்தது.

பெரும்பாக்கத்துக்குப் போவதையே கொஞ்ச காலம் தவிர்த்தாள். அப்புறம் அண்ணனோடு லேத் பட்டறையில் வேலை செய்த அக்பர் பாஷாவைத் தேடிப் போனாள். அவர் பீரோவைக் கிளறி, ஆயுத பூஜை அன்று பட்டறையில் எடுத்த ஒரு சின்னப் படத்தைக் கொடுத்தார். நெற்றி நிறையச் சந்தனத்தோடு அசோகன் சிரித்துக்கொண்டிருந்தான். இதிலும் கடைசி ஆள் அவன்தான். உயரம் என்பதால் யார் படம் எடுத்தாலும் அவனை ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள்போலும்.

முதல் வேலையாக அதை ஒரு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து வைத்தாள். இனி எந்த ஃப்ரேம் கடைக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தாள். சின்னப் படம் என்பதால் சுற்றிலும் அகலமாக வெள்ளை அட்டை வைத்து, நடுவில் ஜன்னல்போல வெட்ட வேண்டும். 'மவுண்ட்' என்பார்கள். ஜன்னல் வழக்கமாகப் படத்தின் விளிம்பைக் கொஞ்சம் மறைக்கும். இந்தப் படத்தில் அப்படிச் செய்தால் அசோகனின் காது போய்விடும். அதனால் ஜன்னலைப் படத்தைவிடச் சற்றுப் பெரிதாக வெட்டி, நாலு ஓரமும் தெரிய வைக்க நினைத்தாள்.

அந்த அட்டையை வெட்டும் கட்டர் வாங்க, தி. நகரில் ஓவியச் சாமான் விற்கும் கடைக்குப் போனாள். அங்கே அஃப்ரா என்ற பெண் இருந்தாள்.

"எத்தன போட்டோக்கா மவுண்ட் பண்ணணும்?"

"ஒண்ணுதான்."

"ஒண்ணுக்குப் போயி கட்டர் வாங்குறீங்களா? ஃப்ரேம் கடையில குடுத்துடலாமே."

"கடையில குடுக்க மாட்டேன்."

அஃப்ரா அதற்குமேல் கேட்கவில்லை. மூன்று கட்டர்களை எடுத்துவைத்தாள். ஒன்று உள்ளங்கைக்குள் அடங்குவது. பிளேடு சாய்வாக நிற்கும், இரும்பு ஸ்கேலை ஒட்டி இழுக்க வேண்டும். இரண்டாவது, பலகையோடு சேர்ந்தது. பலகைமேல் ஒரு தண்டவாளம், அதில் பிளேடு ஓடும். மூன்றாவது, அதே மாதிரி, ஆனால் கட்டில் நீளம்.

"கையில புடிக்கிறது வேணாம்க்கா. ஸ்கேல் கொஞ்சம் நகந்தாலும் போச்சு. நடுவுல இருக்கறத எடுத்துக்கோங்க."

ஆதம்பாக்கத்தில் அன்புச்செல்வியுடையது ஒற்றைப் படுக்கையறை வீடு. பலகையை எங்கே வைப்பது? கையில் பிடிப்பதையே வாங்கினாள்.

அஃப்ரா சொன்னதுதான் நடந்தது. வீட்டுத் தரையில் உட்கார்ந்து இழுத்தபோது ஸ்கேல் நகர்ந்தது. கோடு வளைந்தது. மூலையில் பிளேடு நிற்காமல் தாண்டிப் போனது. அட்டைக்குமேல் அட்டை வீணானது. கடைசியில் பிளேடு எகிறி அவள் கட்டை விரலைக் கிழித்தது.

கணவன் சித்தார்த்தன் துணியைச் சுற்றினான். "விட்டுடு அன்பு. நீ தங்கத்துலயே ஃப்ரேம் போட்டாலும் அத்த நம்பாது."

"நம்பட்டும், நம்பாம போகட்டும். என் கையால ஒருதடவையாச்சும் அவன முழுசா வெக்கணும்" என்றவள் அழுதுவிட்டாள்.

மறுபடி கடைக்குப் போனபோது அஃப்ரா பழைய கட்டரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, பலகை வைத்ததைக் கொடுத்தாள். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்று கடையிலேயே இரண்டு முறை வெட்டிக் காட்டினாள். வீட்டில் கட்டிலின் மெத்தையைச் சுருட்டிவிட்டுப் பலகையை அங்கே வைத்தாள் அன்புச்செல்வி. அட்டையின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மூச்சைப் பிடித்து இழுத்தாள். நாலாவது பக்கமும் வெட்டியதும் நடுத்துண்டு தானாகக் கழன்று விழுந்தது. மூலைகள் சுத்தமாக இருந்தன. படத்தைப் பின்னட்டையில் ஒட்டி, வாங்கி வைத்திருந்த ரெடிமேட் ஃப்ரேமில் தானே பொருத்தினாள்.

அடுத்த விடுமுறையில் அதைப் பெரும்பாக்கம் எடுத்துக்கொண்டு போனாள். முனியம்மாள் கண்ணாடிமேல் விரலை வைத்து, படத்தின் ஓரமாகவே சுற்றிவந்தாள்.

"ஒண்ணும் மறைக்கலியே?"

"இல்லம்மா." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "அந்தப் படத்துக்குக் கடைக்காரர் என்னக் கேட்டுத்தான் வெட்டிகிறார். ஃப்ரேமத்தான் சொல்றார்னு நெனச்சி சரின்னுட்டேன். வேணும்னு சொல்லல."

முனியம்மாள் நிமிரவில்லை. பேசியபோது படத்தைப் பார்த்தே பேசினாள்.

"அவன் கை ஓங்குனதெல்லாம் எனக்குத் தெரியாதாடி? பக்கத்து ரூம்ல தானே படுத்துகினு இருந்தேன். நான் எழுந்து போவல. நீ போன."

அன்புச்செல்வி அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"உங்க அண்ணிக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்றாள் முனியம்மாள். "வேணும்னா வெச்சிக்கட்டும்."

மறுநாள் அண்ணியைப் போனில் கூப்பிட்டுக் கேட்டாள்.

"இப்ப வேணாம் அன்பு" என்றாள் அண்ணி. "எப்பவாச்சும் தோணுச்சின்னா நானே கேக்கறேன்."

அதை அப்படியே அம்மாவிடமும் போனில் சொன்னாள் அன்புச்செல்வி. முனியம்மாள் "ம்" என்றாள். போனை வைக்குமுன், "அவளே கேக்கட்டும். நீ ஒண்ணு எடுத்து வெச்சிரு" என்றாள்.