நடுத்தரம் என்று எழுதிய காகிதம்

பரமத்தி வேலூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நாச்சிமுத்துவின் மனைவி சௌந்திரம். அறுபது வயது வரை அவள் சும்மா உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு வாய்க்கால் மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்கியது, நெஞ்சை அடைத்தது. கல்யாண மண்டபத்தில் இலவச இதய முகாம் போட்டபோது நாச்சிமுத்துவே கூட்டிப் போனார். அதுவரைக்கும் நல்ல மனிதர்தான்.

எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தவன் கோகுல்ராஜ் என்ற டெக்னீசியன். அவளை இடப்பக்கம் சாய்த்து, சேலைக்குள் கருவியை நுழைத்து ஒருமுறை பார்த்தான்.

"வால்வு சுருங்கியிருக்குதுங்க. ரத்தம் பாயற வேகத்த வலது நெஞ்சுல வெச்சும் பார்க்கோணும். ஜாக்கெட் கொக்கியக் கழட்டிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுங்கம்மா."

சௌந்திரம் கொக்கியில் கை வைத்தாள். பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"அதெல்லாம் வேண்டாமுங்க தம்பி. பார்த்த வரைக்கும் எழுதிக் குடுங்க."

வெளியே வரிசை நீண்டிருந்தது. கோகுல்ராஜ் மல்லுக்கு நிற்கவில்லை. ரத்த வேகம் நொடிக்கு மூன்று மீட்டர், சுருக்கம் நடுத்தரம் என்று எழுதிக் கொடுத்தான். ஒரு பெண்ணைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம் என்று அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மானம் காப்பாற்றப்பட்டது.

அதன்பிறகு அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோதெல்லாம் அந்தக் காகிதம்தான் பேசியது.

"ஏனுங்க, ரெண்டு எட்டு வெக்க முடியலீங்க."

"நடுத்தரம்னு எழுதியிருக்குதல்ல? வயசானா எல்லாருக்கும் அப்படித்தான். போய் இலையக் கிள்ளு."

இரண்டு வருஷம் கிள்ளினாள். போன மாதம் கொடிக்காலிலேயே மயங்கி விழுந்தாள். மகன் ஜெகதீஸ்வரன் சேலத்துக்குத் தூக்கிப் போனான். அங்கே டாக்டர் அபிநயா அவளைத் திருப்பிப் படுக்கவைத்து, வலது நெஞ்சிலும் கருவியை வைத்து நிதானமாகப் பார்த்தார். வேகம் ஐந்து மீட்டரைத் தொட்டது.

"கடுமையான சுருக்கம். ரெண்டு வருஷத்துல இவ்வளவு ஏறாது. ரத்தம் பாயற நேர்க்கோட்டுல வெச்சுப் பார்க்கலைன்னா வேகம் குறைச்சலாத்தான் காட்டும். அன்னைக்கே சரியாப் பார்த்திருந்தா வால்வை மாத்தியிருக்கலாம். இப்பவும் மாத்தலாம். ஆனா இதயம் ரொம்பச் சோர்ந்துபோச்சு, உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது."

நாச்சிமுத்துவுக்கு முகம் வெளிறிவிட்டது. கட்டிலோரம் குனிந்து, மற்றவர்களுக்கும் கேட்கிற மாதிரியே கேட்டார்.

"ஏம் புள்ள, இத்தன கஷ்டம் இருந்துதுன்னா வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

சௌந்திரத்துக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க மூச்சு போதவில்லை.