மாமாவுக்குக் கட்டிய இறகுப்பூச்சி

சேவலின் கழுத்து இறகைத் தூண்டில் முள்ளில் வைத்துக் கறுப்பு நூலால் சுற்றினால் பூச்சி மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் மிதக்கும், மீன் ஏமாந்து கவ்வும். பேரன் சென்னையிலிருந்து தூண்டிலில் மாட்டப் பிளாஸ்டிக் தவளை வாங்கி அனுப்பினான். அது அலமாரியில் கிடக்கிறது. நான் கட்டாத பூச்சியை நான் தண்ணீரில் போடுவதில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவள், என் எழுத்து கோணும், முடிச்சு கோணாது. பேச ஆளில்லாத பகல்கள் இந்த முடிச்சுகளோடுதான் போகின்றன.

இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒன்பது வயதில், மாமாவுக்காக நானே கண்டுபிடித்தது.

மாமா என் அம்மாவுடைய தம்பி. அத்தை பிரசவத்தில் தவறிய மறுமாதம் தென்காசிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். சாரல் நேரம். பழையது சாப்பிட்டதும் தூண்டிலோடு சிற்றாற்றுக்குப் போவார். சாயங்காலம் வெறுங்கையோடு வருவார்.

"ஏலே, இன்னைக்கும் மீனையெல்லாம் கும்பிட்டு அனுப்பி வச்சிட்டியா?" என்பாள் அம்மா.

"கடிக்க மாட்டேங்குதுக்கா."

தெருவே சிரித்தது. எனக்குப் பொறுக்கவில்லை. கூடப் பிறந்தவர்கள் இல்லாத வீட்டில், "மருமவளே" என்று என்னைத் தேடிக் கூப்பிட அவர் ஒருவர்தான் இருந்தார்.

குற்றம் மாமா தூண்டிலில் மாட்டும் புழுவின் மேல்தான் என்று முடிவு செய்தேன். சாரலில் மீன்கள் துள்ளித் துள்ளிப் பூச்சியைத்தானே பிடிக்கின்றன? முதலில் கட்டிய இரண்டும் தண்ணீர் பட்டதும் பிரிந்துவிட்டன. பிறகு, வாழைநாரில் மல்லிகையின் காம்பை இறுக்குகிற சுருக்கையே இறகுக்கும் போட்டேன். நின்றது.

"நெசப் பூச்சியே ஏமாந்துரும் மருமவளே" என்று மாமா சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தினம் ஒன்று கட்டிக் கொடுத்தேன். தினமும் வெறுங்கைதான்.

ஒருநாள் பின்னாலேயே போனேன். பாறையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண்டில் நரம்பை இழுத்துப் பார்த்தேன். நுனியில் ஒன்றுமே இல்லை.

"மாமா, முள்ளே இல்லையே!"

"அத்துக்கிட்டுப் போச்சு போல, ஏட்டி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர் பையில் கைவிட்டேன். நான் கட்டியவை எல்லாம் நனையாமல் இருந்தன. வந்த கோபத்தில் ஒன்றை நானே மாட்டி வீசினேன். மூன்றாம் வீச்சில் முழ நீளக் கெண்டை! அதைத் தூக்கிக்கொண்டு, "மாமா பிடிச்சது! மாமா பிடிச்சது!" என்று தெரு நெடுகக் கத்திக்கொண்டு ஓடினேன்.

அம்மா குழம்பு வைத்தாள். மறுநாள் தெரு ஆண்கள் பாதிப் பேர் தூண்டிலோடு அந்தப் பாறையைச் சுற்றி நின்றார்கள்.

"அண்ணாச்சி, பூச்சிய எங்கன போடணும்?"

"இன்னைக்கு எத்தனை வீட்டுக்குக் கொழம்பு, அண்ணாச்சி?"

மாமா எல்லாரையும் பார்த்துச் சிரித்தார். நாலாம் நாள் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஏதோ தோட்டத்தில் வேலை என்று பெட்டியைக் கட்டிவிட்டார்.

பஸ் புறப்படுமுன் ஓடிப்போய்ப் பன்னிரண்டு பூச்சிகளை அவர் கையில் வைத்தேன். ஒவ்வொன்றாக விரலால் தள்ளி எண்ணினார்.

"இம்புட்டுமா எனக்கு?"

"ஆமா. இனிமே வெறுங்கையோட திரியப்படாது."

தலையாட்டினார். பஸ் நகர்ந்தது. சிற்றாற்றுக் கெண்டை போதாது, என் பூச்சிக்கு ஏற்ற இன்னும் பெரிய மீன் இருக்கிற ஊராகப் பார்த்துத்தான் மாமா போகிறார் என்று நினைத்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.