ஓரின் கல்யாணத்துக்கு ஆக்கிய நெய்ச்சோறு

போன வாரம் அண்ணன் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு போகும்போது வாய் தவறி ஒன்றைச் சொல்லிவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும் கொரியத் தொடரை நான் முந்தின நாளே கடைசிவரை பார்த்துவிட்டேன் என்று. அவ்வளவுதான். இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "அத்தை, வாயத் தொறக்காதீங்க! ஸ்பாய்லர் சொன்னீங்கன்னா இங்கயே எறங்கிடுவேன் லா!" கார் அப்போது சிவப்பு விளக்கில் நின்றிருந்தது. இறங்கினாலும் இறங்கியிருப்பாள்.

நான் நல்ல பிள்ளையாக வாயை மூடிக்கொண்டேன். இந்த விஷயத்தில் அத்தையின் பழைய லட்சணம் அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்வதற்கென்ன, நீங்கள் யாரிடமும் போய்ச் சொல்லப்போவதில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிது. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. எந்தக் கப்பலில் எந்தச் சரக்கு எத்தனை பெட்டி என்று நாள் முழுக்கத் தட்டச்சு செய்ய வேண்டும். ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை, மூடினால் கார்பன் தாள் வாடை. பக்கத்து மேசையில் கதீஜா அக்கா. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஆபீசில் எல்லாருக்கும் சீனியர், டத்தோ கிராமாட்டில் வீடு. முக்காட்டின் ஓரத்தில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். அந்தப் பேனாவை மேசை முழுக்கத் தேடுவார்.

எங்கள் இருவரையும் சேர்த்துவைத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். 'ஹார்பர் டுவெல்வ்'. விண்வெளியில் ஒரு துறைமுகம், நட்சத்திரங்களுக்கு நடுவே சரக்குக் கப்பல்கள் வந்து கட்டும். துறைமுக அதிகாரி வேரா என்கிற பெண். இழுவைப் படகு ஓட்டுபவன் ஓரின். கழுத்தில் பச்சைச் செதில் உள்ள வேற்றுக்கிரகத்தான், வாயே திறக்கமாட்டான். முதல் பருவம் முழுக்க அவன் பேசியது பதினோரு வாக்கியம் என்று கதீஜா அக்கா எண்ணி வைத்திருந்தார். வேராமீது அவனுக்கு ஆசை என்பது பினாங்கில் டிவி வைத்திருந்த எல்லாருக்கும் தெரியும், வேராவைத் தவிர.

ஞாயிறு பகல் பன்னிரண்டு மணிக்கு ஒளிபரப்பு. நான் ஆங்கிலத்தைக் காதால் கேட்டுப் பார்ப்பேன், அக்கா கீழே ஓடும் மலாய் எழுத்தைப் படித்துப் பார்ப்பார். திங்கட்கிழமை காலை இரண்டு கதையையும் ஒட்டிப் பார்த்தால்தான் முழுக்கதை கிடைக்கும். "ஒரு பேப்பர் இல்ல, ஒரு சாப் இல்ல, அவனவன் கப்பல உள்ள கொண்டாரான், இவ பாத்துக்கிட்டு நிக்கிறா," என்று அக்காவுக்கு வேராமீது தீராத குறை. சாப் என்றால் முத்திரை. எங்கள் ஆபீசில் சாப் இல்லாமல் தண்ணீர் குடிக்கக்கூட முடியாது.

அந்த வருடம் ஒரு பிஸ்கட் கம்பெனி போட்டி வைத்தது. மூன்று உறையை வெட்டி, 'இந்தத் தொடர் ஏன் பிடிக்கும்' என்று ஒரு வரி எழுதி அனுப்ப வேண்டும். ஜெயித்தால் இரண்டாம் பருவத்தின் முதல் இரண்டு பகுதிகளை, ஒளிபரப்புக்கு மூன்று வாரம் முன்னாலேயே, பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்து பார்க்கலாம். அக்கா ஒரு பக்கத்துக்கு எழுதினார். நான், 'அங்கேயும் சரக்கு லேட்டாகத்தான் வருகிறது' என்று எழுதினேன். எனக்கு அழைப்பு வந்தது, அக்காவுக்கு வரவில்லை. "பரவால்ல புள்ள, போயிட்டு வந்து சொல்லு," என்றார். சொல்லும்போது தேவையில்லாமல் ஒரு தாளில் நான்கு சாப் குத்தினார்.

சனிக்கிழமை காலைக் காட்சி. மேனேஜரிடம் பல் வலி என்று சொல்லிவிட்டுப் போனேன். பினாங்கு ரோட்டில் பழைய தியேட்டர் ஒன்றின் மாடியில் ஐம்பது நாற்காலி போட்ட சின்ன அரங்கு. ஈரக் கம்பள வாடையும், உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த சூடான கறிபாப் வாடையும் கலந்து அடித்தன. இன்றைக்கும் கறிபாப்பைப் பிட்டால் எனக்கு விளக்கணைவதுபோல் இருக்கும். வாசலில் மிஸ் சியூ என்ற பெண் அச்சடித்த ஒரு பாரத்தை நீட்டினாள். மூன்று வாரத்துக்குக் கதையை யாருக்கும் வெளியிடமாட்டேன் என்று உறுதிமொழி. அதற்கு முன் என்னிடம் யாரும் ரகசியம் காக்கச் சொன்னதில்லை. கொஞ்சம் பெரிதாகவே கையெழுத்துப் போட்டேன்.

காட்சி ஏமாற்றம்தான். ஓரினுக்கு ஒரே ஒரு இடம், அதிலும் ஒரு பழத்தை உரித்துக்கொண்டு நிற்கிறான். வேராவோ மீசை வைத்த ஒரு வியாபாரியிடம் மோதிரம் மாட்டிக்கொள்கிறாள். கதை அவ்வளவே.

திங்கட்கிழமை என் மேசையில் தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நாசி லெமாக் பொட்டலம். முட்டை தனியாக, சம்பல் கூடுதலாக. அக்கா நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். "சொல்லு."

"கையெழுத்துப் போட்டிருக்கேன்க்கா. சொல்லக்கூடாது."

"யாரு பாக்கப் போறா? நான் என்ன பேப்பர்லயா போடப்போறேன்?"

நாசி லெமாக்கைப் பிரித்தாயிற்று. சும்மா சாப்பிடவும் கூச்சம். உண்மையைச் சொல்லக்கூடாது என்றுதான் பாரத்தில் இருந்தது. பொய்யைப் பற்றி ஒன்றும் இல்லை. இந்த ஓட்டை எனக்குச் சம்பலின் இரண்டாவது வாயில் தெரிந்தது.

"ஓரின் வாயத் தொறந்துட்டான்க்கா," என்றேன்.

அக்காவின் கை நெஞ்சுக்குப் போனது. பிறகு என்னை நிறுத்த யாராலும் முடியவில்லை. ஓரின் வேராவிடம் கேட்டான், வேரா அழுதாள், கப்பல் கட்டும் மேடையிலேயே கல்யாணம், துறைமுகத்தில் நின்ற அத்தனை கப்பலும் ஒரே நேரத்தில் ஊதின. கடைசியில் எனக்கே கண் கலங்கியது. நானாக இருந்தால் அப்படித்தான் எடுத்திருப்பேன்.

மறுநாளே உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா மறுநாள் வலைபோல் ஊற்றிச் சுட்ட ரொட்டி ஜாலா கொண்டுவந்தார். மூன்று வாரமும் அப்படியே ஓடிப்போனது. ஒளிபரப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை அக்கா என் மேசைக்கு வந்து, "ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வந்துரு. சாப்பாடு நம்ம வீட்லதான்," என்றார்.

போனேன். போகாமல் இருந்துவிடலாம் என்று சனிக்கிழமை முழுக்க யோசித்தேன். ஆனால் பல் வலியை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன். வாசலில் பதினைந்து ஜோடிச் செருப்பு. உள்ளே அக்காவின் இரண்டு தங்கைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பிள்ளைகள். அடுப்படியிலிருந்து நெய்யும் ஏலக்காயும் மணத்தன. அக்காவின் கணவர் அபு அண்ணன் என்னிடம் மெல்லக் கேட்டார். "ஏம்மா, டிவியில நடக்கிற கல்யாணத்துக்கு எங்கூட்ல ஏன் நெய்ச்சோறு ஆக்குறா? நீ கேட்டியா?" நான் கேட்கவில்லை.

"சோறு கல்யாணம் முடிஞ்சப்புறம்தான்," என்று அக்கா அறிவித்தார். பன்னிரண்டு மணி. தொடர் ஆரம்பித்தது. பத்து நிமிடம் போனது. ஓரின் பழம் உரித்தான். "இப்பப் பேசுவான் பாரு," என்று அக்கா தங்கையின் தொடையைத் தட்டினார். ஓரின் பழத்தைத் தின்றான். அக்கா என் பக்கம் திரும்பினார். நான் சுவர்க் கடிகாரத்தை அதுவரை யாரும் பார்க்காத அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிக் காட்சியில் மீசை வியாபாரி மோதிரத்தை நீட்ட, வேரா விரலை நீட்டினாள்.

அபு அண்ணன்தான் தொண்டையைக் கனைத்தார். "கல்யாணம் என்னமோ பேசி முடிச்சாச்சு. மாப்பிள்ளதான் வேற ஆளு. சோத்தப் போடு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்கைகள் அக்காவைப் படுத்திய பாடு இருக்கிறதே! அக்கா சிரிக்கவில்லை. என் தட்டில் நெய்ச்சோறு வைத்தார், குருமா ஊற்றினார், கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார். அந்தச் சோறு இறங்கிய பாட்டை நான்தான் அறிவேன்.

அதற்கப்புறம் ஆபீசில் பேச்சே கிடையாது. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மஞ்சள் சீட்டில் எழுதி, சாப் குத்தி, மேசை ஓரத்தில் வைப்பார். 'பக்கம் 2 இல்லை.' 'ஜன்னலைச் சாத்தவும்.' மன்னிப்புக் கேட்டுப் பார்த்தேன். 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்று ஒரு சீட்டு வந்தது. இது ஏழெட்டு மாதம் நடந்தது. இடையில் இரண்டாம் பருவம் முடிந்தது. ஓரினின் படகை ஒரு புகைமேகம் விழுங்குவதோடு நிறுத்தியிருந்தார்கள். திங்கட்கிழமை அதைப் பற்றிப் பேச ஆளில்லாமல் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மேசையில் அக்காவும் தனியாக உட்கார்ந்திருந்தார்.

மூன்றாம் பருவ முன்னோட்டத்துக்கு எனக்கு மறுபடி அழைப்பு வந்தது. என் பெயர் அவர்கள் பட்டியலில் ஏறிவிட்டது போல. ஓர் அட்டை, ஓர் ஆள். அதை ஒரு மஞ்சள் சீட்டோடு அக்காவின் மேசையில் வைத்தேன். 'நீங்கள் போங்கள்.' அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "உன் பேருல இருக்கு," என்றார். எட்டு மாதத்தில் முதல் வார்த்தை.

இருவருமே பல் வலி என்று எழுதிக் கொடுத்தோம். "ரெண்டு பேருக்கும் ஒரே பல்லா?" என்று மேனேஜர் கேட்டார், ஆனால் விட்டுவிட்டார்.

மாடி வாசலில் மிஸ் சியூ அட்டையிலிருந்த என் பெயரையும் அக்காவின் முக்காட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். போன தடவை என்னை நேரில் பார்த்தவளும் அவள்தான். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் கூப்பிக் காட்டினேன். "இது நீங்கதானா?" என்று மலாயில் கேட்டாள். "சாயா லா," நானேதான் என்றார் அக்கா, வீட்டுப் பத்திரமே தன் பெயரில் இருப்பது மாதிரி. மிஸ் சியூ உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு பாரத்தை நீட்டினாள்.

நான் படிக்கட்டில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம். கதவில் காதை வைத்துப் பார்த்தேன், காவலாளி துரத்தினார். ஏதோ வெடித்தது, யாரோ கத்தினார்கள், நீளமாக ஒரு கப்பல் சங்கு ஊதியது. கதவு திறந்ததும் அக்கா வெளியே வந்து என் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார்.

"ஓரின் செத்துட்டான் புள்ள," என்றார். "வேராவோட கப்பல அந்த மேகத்துலேருந்து இழுத்து வெளிய தள்ளிட்டு, அவன் உள்ளயே நின்னுட்டான். ஒரு வார்த்த பேசல. சங்க மட்டும் ஊதுறான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "அக்கா! நல்லாப் பழி வாங்குறீங்க! கண்ணீர் வேறயா!"

அக்கா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் சிரித்தார். "கண்டுபுடிச்சிட்டியா? சும்மா சொன்னேன் லா."

அன்று தொடங்கியது கூத்து. தினம் ஒரு கதை. ஓரின் மேகத்துக்குள் சாப்பாட்டுக் கடை போட்டான். மீசைக்காரன் கள்ளச் சரக்குக்காரன், சாப் இல்லாத பேப்பரால் மாட்டிக்கொண்டான். ஓரினுக்கு ஊரில் ஏற்கெனவே ஒரு மனைவி. எது நிஜம் என்று கேட்டால், "கையெழுத்துப் போட்டிருக்கேன்ல, அதுவும் உன் கையெழுத்து," என்பார். மூன்று வாரத்தில் தெரிந்துவிடும் என்று காத்திருந்தேன். மூன்றாவது வாரம் பன்னிரண்டு மணிக்கு டிவியைப் போட்டால் சமையல் போட்டி நடக்கிறது. இங்கே தொடரை நிறுத்திவிட்டார்கள். ஊரில் உள்ள ரசிகர்களில் கதை தெரிந்தவர்கள் அந்த ஐம்பது நாற்காலிக்காரர்கள்தான், எனக்குத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தான்.

வருடங்கள் கழித்து ஒரு நாள், பழைய டிஸ்க் விற்கும் கடையில் மூன்றாம் பருவம் கிடைத்தது. வீட்டுக்குப் போய் நின்றபடியே போட்டேன். ஓரின் கப்பலை இழுத்து வெளியே தள்ளினான். உள்ளேயே நின்றுவிட்டான். சங்கை ஊதினான். அந்தச் சங்கு எனக்குக் கதவு வழியாக ஏற்கெனவே கேட்ட சங்கு. அப்போதுதான் உட்கார்ந்தேன். அக்கா அன்று நிஜமாகவே அழுதிருக்கிறார். நான் சிரித்திருக்கிறேன்.

அக்கா அதற்குள் ஓய்வு பெற்று, மகளோடு பாலிக் புலாவுக்குப் போய்விட்டிருந்தார். போன் போட்டேன். "அக்கா, ஓரின் செத்துதான் போனான்."

"அன்னைக்கே சொன்னேன்ல."

"அப்புறம் ஏன் சும்மான்னு சொன்னீங்க?"

"நீ அப்படிச் சிரிச்ச. சரி, ஒருத்திக்காவது அவன் உசுரோட இருந்துட்டுப் போறான்னு விட்டுட்டேன். அதோட அந்த நெய்ச்சோத்த நான் மறக்கல புள்ள."

அந்த மாடி அரங்கு இப்போது ஏதோ தங்கும் விடுதி. எங்கள் ஆபீஸ் அக்கரைக்குப் போய்விட்டது. சரக்குப் பட்டியல்கள் கணினியில் தாமாகப் போய்ச் சேர்கின்றன, யாரும் சாப் குத்துவதில்லை. தொடர்களும் இப்போது உலகம் முழுக்க ஒரே நாளில், ஒரே நொடியில் வந்து இறங்குகின்றன. எல்லாருக்கும் எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடுகிறது. பக்கத்து மேசைக்காரியிடம் ஆசை தீரப் பொய் சொல்ல, முழுதாக மூன்று வாரம் இனி யாருக்குக் கிடைக்கும்?