தண்ணி லாரி நடை

ஹேமநாத்துக்கு ஓரிடத்தில் உட்காரவே வராது. மேடவாக்கத்தில் அவர் குடியிருக்கும் அடுக்ககத்துக்கு அவர்தான் செயலாளர். தண்ணி லாரி தாமதமானால் எல்லாரும் அவர் தலையைத்தான் உருட்டுவார்கள்.

"மூணு மாசமா ஒருநாள்கூட நடைய விடல டாக்டர்."

தன் கையில் டாக்டர் பிரஷர் பட்டையைச் சுற்றும்போதே ஹேமநாத் செல்போனை நீட்டினார். திரையில் நடைக் கணக்கின் பச்சைக் கோடுகள் ஜம்மென்று நின்றன. உப்பைக் குறைத்தாயிற்று, ஊறுகாயைத் தொடுவதில்லை. பாராட்டாமல் எங்கே போய்விடுவார் டாக்டர்?

டாக்டர் முகம் சுளித்தார். "பிரஷர் போன தடவையைவிட ஏறியிருக்கே சார். எப்போ நடக்கிறீங்க?"

மனைவி சத்யப்ரியா முந்திக்கொண்டாள். "லாரிக்காரர்கிட்ட போன்ல கத்தும்போதுதான் டாக்டர். கேட்டுக்கும் மொட்டை மாடிக்கும் நடையா நடப்பார். லாரி சொன்ன நேரத்துக்கு வந்த நாளே கிடையாது. அதான் ஒருநாள்கூட நடை தப்பல."

"இனிமே போனை வீட்ல வச்சுட்டு அமைதியா நடங்க," என்றார் டாக்டர்.

ஹேமநாத் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. லாரி டிரைவர்.

"அண்ணா, வண்டி பள்ளிக்கரணைல மாட்டிகினு கீது. இன்னைக்கு பேஜார்தான்."

"யோவ், நேத்தும் இதையேதான்யா சொன்னே!"

ஹேமநாத் எழுந்து நடக்க ஆரம்பித்தார். கழற்றாத பட்டையோடு டாக்டரின் மிஷினும் மேசையிலிருந்து கிளம்பியது.