மச்சானுக்கு முதல் மடக்கு

என் அக்கா மகள் அனிதா மேரி பெங்களூரில் பீர் காய்ச்சுகிறாள். அதிலும் புளிப்பு பீர். இதை நான் கூசாமல் சொல்லிவிடுவேன். அவளைப் பெற்ற என் மச்சான் இஞ்ஞாசிமுத்துவுக்குத்தான் வாயில் வராது.

எங்கள் ஊர் ராயப்பன்பட்டியைப் பொறுத்தவரை ரொம்ப நாளாக அவள் ஒரு 'ஜூஸ் கம்பெனி'யில் இருந்தாள். அந்தக் கம்பெனியை ஆரம்பித்தவள் என் அக்கா ஆரோக்கியம்மாள். யார் கேட்டாலும் மாம்பழ ஜூஸ், அன்னாசி ஜூஸ் என்று அடுக்குவாள். போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் எங்கள் ஊர்ப் பையன் சகாய பிரவீன் பெங்களூரில் அவள் வேலை பார்க்கும் பீர்க் கடைக்கே போய், ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பீர் அண்டா கழுவிக்கொண்டிருந்தவளைப் படம் எடுத்து ஊர் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டான். கீழே 'நம்ம ஊர்ப் பொண்ணு' என்று இதயம் வேறு. நல்ல எண்ணத்தில்தான் போட்டான், நாசமாய்ப் போகிறவன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

மச்சான் கொதித்துப்போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது இந்த இடத்தில்தான். மச்சான் ஒன்றும் சந்நியாசி இல்லை. திராட்சைக்கு மருந்தடித்தால் அலுப்புக்கு ஒரு குவார்ட்டர், பழம் விற்றால் சந்தோஷத்துக்கு ஒன்று, விற்காவிட்டால் துக்கத்துக்கு ஒன்று. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நாற்பது நாள் மட்டும் தொட மாட்டார். எங்கள் ஊர் ஆம்பிளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். ஒரு கண் ஆண்டவர் மேல், ஒரு கண் காலண்டர் மேல். குடிப்பது ஆம்பிளைக்கு அழகு, காய்ச்சுவது பொம்பிளைக்கு அசிங்கம் என்று எந்த வேதத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டேன். உன் மகளாக இருந்தால் தெரியும் என்றார். அத்தோடு மகளிடம் பேச்சை நிறுத்தினார். அக்கா மூலமாக ஒரு செய்தி மட்டும் போனது: ஈஸ்டருக்கு வந்தால் வேலையை விட்டுவிட்டு வரட்டும், இல்லாவிட்டால் இனி இந்த வாசல்படி மிதிக்க வேண்டாம்.

அவள் வந்தாள், வேலையை விடாமல். ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால், பெரிய வியாழன் அன்று உத்தமபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, நேரே என் மோட்டார் வைண்டிங் கடைக்கு வந்து மேசைமேல் ஒரு பையை வைத்தாள். துண்டில் சுற்றிய பாட்டில்கள் உள்ளே ஜில்லென்று இருந்தன.

"மாமா, அப்பா என்கிட்ட பேச வேணாம். விரதம் விட்டதும் மொத மடக்கு நான் காய்ச்சுனதா இருக்கட்டும். குடிச்சிட்டு இது அசிங்கம்னு சொன்னாகன்னா, நான் வேலைய விட்டுர்றேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஐந்து வருஷம் அண்டாவுக்குள் தலையை விட்டுக் கற்ற வேலை. அதை ஒரு மனுஷனுடைய நாக்கில் பந்தயம் கட்டிவிட்டு வந்து நிற்கிறாள்.

தவக்காலமாச்சே என்றேன், மரியாதைக்கு. ருசி பார்ப்பது குடிப்பதில் சேராது என்று அவளே பாவமன்னிப்பும் கொடுத்துவிட்டாள். தனக்கு ரொம்பப் பெருமையான பாட்டிலை முதலில் திறந்தாள். மரப்பீப்பாயில் ஒரு வருஷம் கிடந்த சரக்காம். ஒரு மடக்கு உள்ளே போனது. அட சேசுவே! புளியங்காயைக் கடித்த பல்லோடு எலுமிச்சையைச் சப்பியது போல ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. கெட்டுப்போச்சு தாயி, கடைக்காரனிடமே திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சிரித்தாள். பிறகு தப்பு தன்மேல்தான் என்றும் ஒப்புக்கொண்டாள். புதிதாக வருகிறவர்களுக்கு இதைக் கொடுத்தால் அன்றைக்கே ஓடிவிடுவார்களாம், ஜென்மத்துக்கும் புளிப்பு பீர் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்களாம்.

சனி, ஞாயிறுகளில் கவுண்டரில் நின்று புதியவர்களுக்கு முதல் கிளாஸைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதும் அவள் வேலைதான். என்ன பீர் பிடிக்கும் என்று கேட்க மாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது என்ன புளிப்பு வாங்கித் தின்றீர்கள் என்று கேட்பாள். உப்புப் போட்ட எலுமிச்சை சோடா என்றால், லேசாக உப்புக் கரிக்கும் கோதுமை பீர். மாங்காய்க் கீற்று என்றால் பழம் போட்டது. புளித்த மோர்க்காரர்களுக்குக் கலங்கலாக, சாதுவாக ஒன்று இருக்கிறது. புளிப்பே ஆகாது என்று அடம்பிடிப்பவருக்கு, பழம் போட்டதில் நல்ல ஜில்லென்று அரைக் கிளாஸ் மட்டும். பீப்பாய்ச் சரக்கு மூன்றாம் தடவை வருகிறவனுக்குத்தான். நான் எலுமிச்சை சோடா ஜாதி. எனக்குக் கொடுத்த கோதுமை பீர், வெயிலுக்கு இறங்கியது பாருங்கள், இன்னொன்று கேட்டேன். தர மாட்டேன் என்றுவிட்டாள் பாவி.

அப்பாவிடம்தான் கேட்க முடியாது, நீங்கள் சொல்லுங்கள் என்றாள். நானும் மச்சானும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பழுக்காத திராட்சைக் காயை உப்பில் பிரட்டித் தின்பது அவர் பழக்கம். இன்றைக்கும் தோட்டத்தில் நின்றால் மடியில் உப்புப் பொட்டலம் இருக்கும். சொன்னதும் அவள் பைக்கு அடியிலிருந்து சிவப்பாக ஒரு பாட்டிலை எடுத்தாள். எங்கள் பக்கம் விளையும் பன்னீர் திராட்சையும் துளி உப்பும் போட்டு அவளாகவே காய்ச்சியது, இருப்பது அது ஒன்றுதான். அப்பன் மடியில் இருந்த உப்பை அவளும் பார்த்திருக்கிறாள்.

வீட்டில் மச்சான் மகளைக் கண்டதும் டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். திருநாள் முடியட்டும் என்று அக்கா அவர் கையைப் பிடித்திருப்பாள். வெளியே போ என்று சொல்லவில்லை. பாட்டில் ஃப்ரிட்ஜுக்குள் மாவுச் சட்டிக்குப் பின்னால் போனது. அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் பயத்தில் அவளே உளறிவிடுவாள்.

அங்கேதான் கெட்டது காரியம். எங்கள் வீடுகளில் ஈஸ்டர் ஆப்பத்துக்குக் கள் விட்டு மாவு புளிக்க வைக்க வேண்டும். தடை போட்ட ஊரில் கள் ஏது? கேரள எல்லைக் குமுளியிலிருந்து ஒருவர் ரகசியமாகக் கொண்டுவந்து தருவார். இந்த வருஷம் அவருக்குக் காய்ச்சல். சனிக்கிழமை சாயங்காலம் கள்ளுக்கு அலைந்து களைத்துப்போய் அக்கா ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறாள். பாட்டிலை முகர்ந்தால் புளிப்பு வாடை, பொங்கும் நுரை. அவள் மூக்குக்கு அது கள்தான். மகள் நமக்காக வாங்கிவந்து, அப்பனுக்குப் பயந்து ஒளித்துவைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, பாட்டிலை அப்படியே மாவில் கவிழ்த்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆப்பம் தின்ன நான் போனபோது பாட்டில் கழுவித் துடைத்து அடுப்படியில் கவிழ்ந்திருந்தது. அனிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். போச்சு மாமா என்றாள். நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். அது கள்ளில்ல, ஒன் மக காய்ச்சுன பீரு, செவப்பா இருந்ததே, கண் அவிஞ்சா போச்சு என்று மச்சான் காதில் விழாமல் சீறினேன். பெங்களூர்க் கள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாளாம்!

கூடத்தில் மச்சான் புது வேட்டியோடு சாப்பிட உட்கார்ந்துவிட்டார். வேறு வழி? ஆப்பம் போனது. ஓரம் முறுகி, நடுவில் பஞ்சாக, லேசாக ரோஸ் நிறத்தில். முதல் ஆப்பத்தைத் தேங்காய்ப்பாலில் தின்றார். அடுத்ததற்குப் பால் வேண்டாம் என்றார். அதற்கடுத்ததைக் கிழித்து வெறும் ஓரத்தை மென்றுகொண்டே இருந்தார்.

"கள்ளு எங்கன வாங்குன?"

ஜூஸ் கம்பெனி நடத்திய என் அக்காவுக்கு அன்றைக்கு ஒரு பொய் வரவில்லை. "கள்ளு இல்ல. ஒங்க மக காய்ச்சுனது" என்றாள்.

நான் வாசலைப் பார்த்தேன், தட்டு பறந்தால் ஓடத் தோதாக. மச்சான் தட்டை வீசவில்லை. கையிலிருந்த ஆப்பத் துண்டை முகர்ந்தார், மறுபடி மென்றார்.

"பன்னீரு" என்றார். தலையை நிமிர்த்தி, கிறிஸ்துமஸுக்குப் பிறகு முதல் தடவையாக மகளைப் பார்த்தார். "எவன் தோட்டத்துப் பழம்?"

காமயகவுண்டன்பட்டிப் பழம் என்றாள், பயந்துகொண்டே.

"அப்பன் தோட்டம் இங்கன கெடக்கு. காமயகவுண்டன்பட்டிக்குப் போனியாக்கும்?"

"நீங்கதான் பேசலையேப்பா. எப்படிக் கேக்குறது?"

மச்சானுக்குக் கண் கலங்கிவிட்டது. காரம் என்று தண்ணீர் கேட்டார். ஆப்பத்தில் ஏது காரம் என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. அக்கா முறைத்தாள், விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் பஸ் ஏறும்போது மச்சான் ஒரு பெட்டி திராட்சையோடு வந்து நின்றார். மழையில் அடிபட்டு இனிப்பு ஏறாத பழம். வியாபாரி ஒதுக்கித் தள்ளியது.

"புளிக்குதுன்னு வேணான்னுட்டான். ஒங்க கம்பெனிக்கு ஆகுமான்னு பாரு ஆத்தா."

பெட்டியைத் தானே உள்ளே ஏற்றினார். பஸ் கிளம்பியதும் ஜன்னலோரமாகக் கூடவே நடந்து ஒன்று சொன்னார்.

"அடுத்த பாட்டில என் கையில குடு. ஒங்கம்மா கையில குடுக்காத."