பிளாட்பாரத்தில் ஆள் வேண்டும்

அக்கா ரயில் இன்ஜினில் வேலை பார்க்கிறாள். அசிஸ்டன்ட் லோகோ பைலட், அதாவது உதவி ஓட்டுநர். ஆந்திராப் பக்கம் போஸ்டிங், பெரும்பாலும் சரக்கு வண்டிகள். சங்கரன்கோவிலில் எங்கள் தெருவில் யாரிடம் சொன்னாலும் "டிக்கெட் குடுக்குற வேலையா?" என்றுதான் கேட்பார்கள். அம்மா மறுக்கமாட்டாள். "ஆமா, அந்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவாள். இன்ஜின் என்ற சொல்லையே வாயில் எடுக்க அவளுக்குப் பிடிக்காது.

போன ஐப்பசியில் லீவுக்கு வந்த அக்கா, மழை ஈரத்தில் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். மாவுக்கட்டு போட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் திரும்பும்போது அம்மாவின் முகத்தில் கவலையோடு இன்னொன்றும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அது வெளியே வந்தது.

"ஏட்டி, கால் முழுசா சரியாகலன்னா ஆபீஸ் வேலைக்கு மாத்திருவாங்களாம்லா?"

"எம்மா, பிள்ளைக்குக் கால் சரியாகணும்னு கும்பிடு மொதல்ல" என்றாள் அக்கா.

அம்மா அவசரமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவள் ஆசைக்கு ஒரு காரணமும் இருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. பையன் வீட்டாருக்கு அக்காவைப் பிடித்திருந்தது, வேலையைப் பிடிக்கவில்லை. மேஜை நாற்காலி வேலைக்கு மாறிக்கொள்வாளா என்று ஆள் விட்டுக் கேட்டிருந்தார்கள். அப்பா இறந்த பிறகு வீட்டில் எல்லா முடிவையும் தனியாக எடுத்துப் பழகிய அம்மா, இந்த ஒன்றை மட்டும் எடுக்க முடியாமல் வைத்துக்கொண்டிருந்தாள்.

நான் ஃபிளெக்ஸ் டிசைன் செய்கிறவன். கல்யாணம், காதுகுத்து, ஆடித்தபசு வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் உருவாகின்றன. வயதான கம்ப்யூட்டர். டிசைன் வேலைக்காகச் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு போட்டிருந்தேன். வேலை இல்லாத மதியங்களில் விளையாட ஒரு டிரெயின் சிமுலேட்டரும் அதில் இருந்தது. கட்டுப்போட்ட காலோடு அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு நாள் அதை அவளுக்குத் திறந்து காட்டினேன். டியூட்டி பார்த்துவிட்டு லீவில் வந்தவளிடம் போய் ரயில் ஓட்டச் சொல்கிறோமே என்று எனக்கே கூச்சமாக இருந்தது. அவளோ காலைத் தூக்கி பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்துக்கொண்டு கீபோர்டை இழுத்துக்கொண்டாள்.

நான் ஓட்டினால் ஸ்டேஷனைக் கவனிக்காமல் தாண்டிப் போவேன். வளைவில் வேகம் குறைக்கமாட்டேன். அவள் ஓட்டியதைப் பார்க்க எனக்குப் பொறுமை போதவில்லை. வண்டியை எடுக்கும் முன் பிரேக்கைச் சரிபார்த்தாள். ஒவ்வொரு சிக்னலுக்கும் வலது கையை நீட்டி, நிறத்தைச் சத்தமாகச் சொன்னாள்.

"டபுள் எல்லோ!"

அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாருட்ட சொல்லுதா?"

"பழக்கம்மா. அங்கன லோகோ பைலட்டும் நானும் ரெண்டு பேரும் சொல்லணும். ஒருத்தர் கண்ணு தப்பினாலும் இன்னொருத்தர் பாத்திருப்போம்லா."

அம்மா பூண்டு உரிக்கிற தட்டோடு வந்து பின்னால் உட்கார்ந்தாள். பொறுப்பான பிள்ளை என்று மகளை அவள் எப்போதும் சொல்வாள். அந்தப் பொறுப்பு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்க்கிறாள். ஆனால் கொஞ்ச நேரம்தான். வண்டி ஒரு பெரிய ஊரை நெருங்கியதும் திரை விக்கத் தொடங்கியது. தண்டவாளம் நின்று நின்று குதித்தது. வீடுகள் திடீர் திடீரென்று முளைத்தன. அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"தல சுத்துதுட்டி. இதுக்குள்ளதான் நீ தெனமும் இருக்கியா?"

"அய்யோ, இது இவன் கம்ப்யூட்டர் கோளாறும்மா. நெசத்துல வெண்ணெய் மாதிரி போகும்."

அம்மா நம்பவில்லை. எழுந்து போய்விட்டாள். அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"ஏலே, இத எப்படியாவது சரி பண்ணுலே. அம்மா பாக்கணும்."

அவள் குரலில் இருந்தது கெஞ்சல் இல்லை, ஆனால் அதற்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று. அத்தனை வருடம் போனில் சொல்லிப் புரியவைக்க முடியாத ஒன்றை, இந்த விளையாட்டு சொல்லிவிடும் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

மறுநாள் நான் செட்டிங்ஸில் இறங்கினேன். முதலில் பின்னால் திறந்து கிடந்த டிசைன் சாஃப்ட்வேரையும் பிரவுசரையும் மூடினேன். சி.பி.யூ.வின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, ஃபேனில் அப்பிக்கிடந்த தூசியை பெயிண்ட் பிரஷால் தட்டினேன். விளையாட்டைப் பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினேன். வீடுகள் திடீரென்று முளைப்பது நின்றது. விக்கல் மட்டும் நிற்கவில்லை.

அதன் பிறகு பேரம் தொடங்கியது. ஒவ்வொன்றாகக் குறைப்போம், ஒரே பாதையில் ஒரே ஊரைத் தாண்டிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. நான் ரெசல்யூஷனைக் குறைத்தேன். வண்டி வேகமாக ஓடியது, ஆனால் தூரத்து சிக்னல் கலங்கிய புள்ளியாகிவிட்டது.

"இது வேண்டாம். கண்ணு தெரியாம வண்டி ஓட்டச் சொல்லுத."

ரெசல்யூஷனைப் பழையபடி வைத்தேன். நிழல்களைக் குறைத்தேன். உடனே நல்ல மாற்றம் தெரிந்தது. மரத்து நிழல் தண்டவாளத்தில் விழாததை அக்கா கவனிக்கவே இல்லை. அடுத்து புல், கண்ணாடிப் பிரதிபலிப்பு, மேகம் எல்லாம் போயின. எவ்வளவு தூரம் வரை தெரிய வேண்டும் என்கிற அளவைக் குறைக்கப் போனபோது என் கையைத் தட்டிவிட்டாள். அது எத்தனை பாரமாக இருந்தாலும் இருக்கட்டும் என்றாள். கடைசியாக, ஒரு நொடிக்கு இத்தனை படம்தான் என்று ஃபிரேம் ரேட்டைக் கொஞ்சம் குறைவாகவே கட்டிவைத்தேன். அதுதான் கைகொடுத்தது. அறுபதுக்கு ஓடி, மூச்சு வாங்கி, இருபதுக்கு விழுந்து எழுவதைவிட, முப்பதிலேயே ஒரே சீராகப் போவது கண்ணுக்கு இதமாக இருந்தது.

இன்னும் ஒரு சின்ன உதறல் மிச்சம் இருந்தது. ஸ்டேஷனில் நிற்கும் பயணிகளை எடுத்துவிட்டேன். அதுவும் போனது. அம்மாவைக் கூப்பிட்டோம்.

அம்மா வந்து உட்கார்ந்தாள். வண்டி வழுக்கிக்கொண்டு போனது. இந்த முறை கண்ணை மூடவில்லை. எந்த ஊர் என்று கேட்டாள். ஜெர்மனி என்றேன். ஒரு பனைமரம்கூட இல்லையே என்றாள். அக்கா மெல்ல மெல்ல பிரேக் பிடித்து, பிளாட்பாரத்தில் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் பலகைக்கு நேராக வண்டியை நிறுத்தினாள். நிறுத்திய அழகுக்காக நான் கைதட்டினேன். அம்மா கைதட்டவில்லை.

"யாருமே இல்லாத ஸ்டேஷன்ல எதுக்குட்டி நிப்பாட்டுத?"

"ஆளுகள எடுத்துட்டோம்மா. அப்பதான் ஆடாம ஓடும்."

"நல்லாருக்கே. ஆளே இல்லன்னா வண்டி எதுக்கு?"

அக்கா சிரித்த சிரிப்பில் ஸ்டூலிலிருந்து கால் நழுவப் பார்த்தது. நான் மறுபடி செட்டிங்ஸைத் திறந்து பயணிகளைக் கொண்டுவந்தேன். அதற்கு ஈடாக வீடுகளின் சுவர் நுணுக்கத்தைக் குறைத்தேன். செங்கல் வீடுகள் அட்டைப்பெட்டி மாதிரி ஆயின. அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. கோட்டு போட்டு நிற்கிறவர்களைப் பார்த்து, "இந்தா பாரு, அந்தம்மா கையில பிள்ளய வச்சிருக்கு, பாத்து நிறுத்து" என்று சொல்ல ஆரம்பித்தாள். அது பிள்ளை இல்லை, பை. நாங்கள் திருத்தவில்லை.

அதன் பிறகு சாப்பாடு முடிந்த மதியங்களில் மூவரும் திரைக்கு முன்னால் உட்காருவது வழக்கமானது. சில நாட்களில் அம்மாவும் சிக்னல் சொல்லத் தொடங்கினாள். அக்கா "கிரீன்" என்றால் அம்மா "பச்சை" என்பாள். ஒரு தடவை அக்கா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது அம்மாதான் முதலில் பார்த்து, "ஏட்டி, செவப்பு, செவப்பு!" என்று கத்தினாள். அக்கா சரியான இடத்தில் நிறுத்திவிட்டு, "நீங்க டியூட்டிக்கு வந்துருங்க" என்றாள். அம்மாவுக்கு வந்த வெட்கத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு நாள் அம்மா கேட்டாள்.

"குறுக்க மாடு வந்தா என்ன செய்வ?"

அக்கா வண்டியை முழு வேகத்துக்குக் கொண்டுவந்தாள்.

"அந்தா ஒரு செவப்பு ஓட்டு வீடு தெரியுதா? அங்கன மாடு நிக்குன்னு வச்சுக்க."

எமர்ஜென்சி பிரேக்கைப் போட்டாள். சத்தம் எழுந்தது. சிவப்பு ஓட்டு வீடு வந்தது, போனது. அதற்குப் பின்னால் ஒரு பாலம் வந்தது, அதுவும் போனது. வயல்கள் போயின. வண்டி நிற்கும்போது அந்த வீடு எங்கோ பின்னால் இருந்தது. ஓர் உதறல் இல்லாமல், ஒரே சீராக, கொஞ்சமும் அவசரப்படாமல் வண்டி நின்றிருந்தது.

"சரக்கு வண்டின்னா இன்னும் தூரம் போகும்மா" என்றாள் அக்கா.

"அப்ப என்னதான் செய்வீங்க?"

"ஹாரன் அடிப்போம். அடிச்சிக்கிட்டே இருப்போம்."

"ஆளு வந்தா?"

"அதேதான்."

அம்மா திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "உனக்கு வந்துருக்கா?"

"ஒரு தடவ."

எனக்கும் அது தெரியாது. அக்கா கீபோர்டின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். யார், என்ன, எங்கே என்று அம்மா கேட்கவில்லை.

"அன்னைக்குச் சாப்பிட்டியாட்டி?"

"இல்லம்மா."

அம்மா எழுந்து உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் தட்டில் சோறும் குழம்பும் அப்பளமும் போட்டு எடுத்துவந்தாள். நாங்கள் சாப்பிட்டு அதிக நேரம் ஆகவில்லை. அக்கா வாங்கிச் சாப்பிட்டாள். பாதியில் அழுதாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, மோர் ஊற்றவா என்று மட்டும் கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தென்காசிக்காரர்கள் நேரில் வந்தார்கள். பையனின் அம்மா நல்ல மாதிரி. அக்காவின் காலைப் பார்த்து உண்மையாகவே வருத்தப்பட்டார். காப்பி குடித்து முடித்ததும் பேச்சு வேலைக்கு வந்தது.

"எங்களுக்கு வேற ஒண்ணும் இல்ல மதினி. பொம்பளப் பிள்ள இன்ஜின்ல போயிட்டு... ஆபீஸ்ல கேட்டா மாத்திக் குடுப்பாங்கன்னு சொல்லுதாங்க."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள்.

"அது அவ வேல. அவகிட்டதான் கேக்கணும். ஆனா ஒண்ணு சொல்லுதேன், வண்டியில ரெண்டு பேரு கண்ணு முழிச்சு உக்காந்திருந்தாதான் பின்னால இருக்கவங்க தூங்க முடியும். அந்த ரெண்டு பேருல எம்பிள்ள ஒருத்தி."

அக்காவிடம் கேட்டார்கள். மாற்றமாட்டேன் என்றாள், மரியாதையாக. கலந்து பேசிவிட்டுச் சொல்கிறோம் என்று கிளம்பினார்கள். பிறகு தகவல் வரவில்லை. அம்மா இரண்டொரு நாள் பெருமூச்சு விட்டாள். பயம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. அக்கா போன் எடுக்கத் தாமதமானால் இன்றைக்கும் கூடத்தில் நடந்துகொண்டேதான் இருக்கிறாள்.

தை பிறந்து, கால் தேறி, ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் கிடைத்து, அக்கா டியூட்டிக்குக் கிளம்பினாள். சாயங்கால வண்டிக்கு ஸ்டேஷனுக்குப் போனோம். வண்டி வந்து நின்றதும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோச்சைத் தேடி ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அவள் பிளாட்பாரத்தின் முன்கோடிக்கு நடந்து போய், இன்ஜினுக்கு எதிரே நின்று, கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா இன்னும் லேசாகச் சாய்ந்த நடையில் அவளைக் கூட்டிவரப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"ஏட்டி, இம்புட்டு ஒசரமாட்டி?" என்றாள் அம்மா. "எது வழியா ஏறுவ?"

அக்கா பக்கவாட்டில் இருந்த கைப்பிடியையும் செங்குத்தான இரும்புப் படிகளையும் காட்டினாள். அம்மா கீழ்ப்படியைத் தொட்டுப் பார்த்தாள். மேலே ஜன்னலிலிருந்து ஓர் இளைஞன், "என்னம்மா, ஏறுதீங்களா?" என்று சிரித்தான்.

"நமக்கு முட்டு வலிக்கும்யா" என்றாள் அம்மா. "இவ ஏறுவா."