படகுப் பக்கமாகச் சுற்றிய இன்ஜின்

காசிமேட்டில் விசைப்படகு வைத்திருந்த யாரைக் கேட்டாலும் வில்சனைப் பற்றி ஒன்றைச் சொல்வார்கள். அவன் கழற்றிய இன்ஜினைத் திரும்ப மாட்டும்போது ஒரு போல்ட்கூட மிஞ்சாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு, துறைமுகத்தை ஒட்டியிருந்த படகு மெக்கானிக் பட்டறையில் சேர்ந்தவன் அவன். கழற்றுகிற வரிசையிலேயே போல்டுகளைப் பழைய சேலைத் துணியில் அடுக்கிவைப்பான். அந்தத் துணியை யாராவது தாண்டிப் போனால் அவன் முகமே மாறிவிடும்.

பட்டறைக்காரர் இடத்தை விற்றபோது கூட இருந்தவர்களுக்கெல்லாம் வேறு பட்டறைகளில் வேலை கிடைத்தது. வில்சனை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நன்றாகச் செய்வான், ஆனால் மெதுவாகச் செய்வான் என்று பெயர் வாங்கியிருந்தான். கரையில் நிற்கிற படகுக்காரனுக்கு அவசரக்காரன்தான் வேண்டும்.

அப்படியே ஒரு வருடம் ஓடியது. அவன் மனைவி பிலோமினா மகளைக் கூட்டிக்கொண்டு காலடிப்பேட்டையில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். "மாசச் சம்பளம்னு ஒண்ணு வரட்டும், அன்னிக்கே வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். சண்டை போட்டிருந்தால் சமாதானம் பேசியிருக்கலாம். இதற்கு என்ன பேசுவது என்று வில்சனுக்குத் தெரியவில்லை. ராயபுரத்தில் அக்கா ரேச்சல் வீட்டு முன்னறையில் வந்து படுத்துக்கொண்டான்.

ரேச்சல் தையல்காரி. கப்பல் ஏஜென்ட் பக்தவச்சலம் வீட்டுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள். அவரிடம் பழைய கார்கள் சில இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டதும், துணியை அளந்துகொண்டே தம்பியைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தாள். எவ்வளவு சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை.

பக்தவச்சலம் கூப்பிட்டு அனுப்பினார்.

"படகு பார்க்கிற ஆள்னு சொன்னாங்க. கார் தொட்டிருக்கியா?"

"ஜீப்பு, லாரி பாத்துகீறேன் சார்."

"இது வேற." சிவப்பு நிறத்தில் இரண்டே கதவுள்ள தாழ்ந்த காரைக் காட்டினார். ஜப்பான் வண்டி. ஒரு காலத்தில் சோழவரம் ரேஸில் ஓடியதாம். "டைமிங் பெல்ட்ல வெடிப்பு விட்டிருக்கு. ஓட்ட பயமா இருக்குன்னு நிறுத்தி வச்சிருக்கேன். புது பெல்ட்டு சிங்கப்பூர்லேருந்து கப்பல் ஆளு வாங்கிட்டு வந்து குடுத்திருக்காரு. உன் வீட்டுக்கு இழுத்துட்டுப் போய் மாத்து. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் நீயே ஓட்டிட்டு வா. வந்துட்டா, வேலை உன்னுது."

வில்சன் அன்றைக்கே காலடிப்பேட்டைக்குப் போய்ச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவப்பு வண்டியை அங்கேயும் ஓட்டிவந்து காட்டுவதாகச் சொன்னான். பிலோமினா சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

சனிக்கிழமை காலை. ரேச்சல் வீட்டுச் சந்தில் பாதியை அந்தக் கார் அடைத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் லாரிக்குக் குடம் தூக்கிப் போன பெண்கள் ஒருக்களித்து நடந்தார்கள். வில்சனோடு படகுப் பட்டறையில் வேலை பார்த்த உசேன் வேடிக்கை பார்க்க வந்து படியில் உட்கார்ந்தான்.

"இன்னா மாமு, ரேஸுக்குப் பேர் குட்துட்டியா?"

"வாய மூடிக்கினு அந்த ஸ்பானர எட்றா."

"வண்டி இம்மாந்தூண்டு கீது. இதுல ஏறி நீ குந்தினா, எறங்கறதுக்குக் கிரேன் இட்டாரணும்."

ரேச்சல் உள்ளே தையல் மெஷினை மிதித்தபடி சிரித்தாள். சேலைத் துணியில் போல்டுகள் வரிசையாக ஏறிக்கொண்டே வந்தன.

டைமிங் பெல்ட் என்பது பல் வைத்த ரப்பர் வார். இன்ஜினின் கீழ்த்தண்டையும் மேல்தண்டையும் அதுதான் சேர்த்துக் கட்டியிருக்கும். பிஸ்டன் மேலே வரும்போது வால்வு விலகிக்கொள்ள வேண்டும். பெல்ட் சில பல் தவறி உட்கார்ந்தாலும் இரண்டும் முட்டிக்கொள்ளும். வில்சனுக்கு இதெல்லாம் தெரியும். மேல் சக்கரத்தின் குறியையும் கீழ்ச் சக்கரத்தின் குறியையும் சுண்ணாம்புக்கட்டியால் வெள்ளையாக்கி, குனிந்து, படுத்து, கண்ணாடி பிடித்துப் பார்த்தான். உசேனையும் பார்க்கச் சொன்னான். புதுப் பெல்ட்டை மாட்டியபின் மறுபடி பார்த்தான். இம்மியும் பிசகாமல் குறிகள் நேராக நின்றன.

அடுத்தது, பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் உருளை. அதன் போல்ட்டைத் தளர்த்தி வைத்துக்கொண்டு இன்ஜினைக் கையால் சுற்றினால் பெல்ட் தானாக இழுபட்டு உட்காரும். பிறகு போல்ட்டை இறுக்கிவிடலாம்.

கையால் சுற்றுவதற்குக் காசிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகப் பூட்டிய இன்ஜினை முதலில் ஸ்டார்ட் செய்யமாட்டார்கள். பிதாவின் பெயரால் ஒரு சுற்று, சுதனின் பெயரால் ஒரு சுற்று, பரிசுத்த ஆவியின் பெயரால் ஒரு சுற்று. உசேன்கூடப் பட்டறையில் அப்படித்தான் சுற்றுவான். அவன் பிஸ்மில்லா சொல்லிக்கொள்வான், அவ்வளவுதான் வித்தியாசம். வில்சன் சிலுவை போட்டுக்கொண்டு ஸ்பானரை வைத்தான். கை தன் பழக்கத்தில் போயிற்று. படகு இன்ஜின் சுற்றுகிற பக்கம், கடிகார முள் போகிற பக்கம். மூன்று சுற்று. இரண்டாவது சுற்றில் கைக்கு லேசாக ஏதோ தட்டியது. புது ரப்பர், உட்காருகிறது என்று நினைத்தான். உருளையை இறுக்கி மூடியைப் போட்டான்.

குறியை இன்னொரு முறை அவன் பார்க்கவில்லை. படகு இன்ஜினில் பெல்ட் கிடையாது. இரும்புப் பல்லும் இரும்புப் பல்லும் கடித்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை பூட்டிவிட்டால் எந்தப் பக்கம் சுற்றினாலும் நகராது. ஜெபம் சொல்லிச் சுற்றியதைத் திறந்து பார்க்கிற பழக்கமும் யாருக்கும் இல்லை.

"அக்கா, வா. சாவி நீயே போடு" என்றான்.

ரேச்சல் நூல் ஒட்டியிருந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து, உட்காரத் தெரியாமல் உட்கார்ந்து, சாவியைத் திருப்பினாள்.

தட்டில் கரண்டியை அடித்தது போல ஒரு சத்தம். அதற்குப் பிறகு இன்ஜின் தடையே இல்லாமல் சுற்றியது. அது பிடிப்பே இல்லாத, காற்றுப் போன சுற்று.

"நிறுத்துக்கா."

வில்சன் மூடியைக் கழற்றினான். மேல்குறி நேராக நிற்கும்போது கீழ்க்குறி மூன்று பல் தள்ளி இருந்தது. அவனுக்கு எப்படி என்று புரியவில்லை. அக்காவைச் சாவியை இன்னொரு முறை லேசாகத் திருப்பச் சொல்லிவிட்டு, கீழே படுத்து சக்கரத்தைப் பார்த்தான். அது எதிர்ப்பக்கமாகச் சுற்றியது. அவன் எந்தப் பக்கம் சுற்றினானோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம். தளர்ந்திருந்த உருளை அவன் சுற்றலுக்கு விட்டுக்கொடுத்திருக்கிறது. பெல்ட் பல் தாண்டியிருக்கிறது.

எழுந்திருக்காமல் அப்படியே கிடந்தான். வால்வுகள் வளைந்துவிட்டன. இந்த வண்டிக்கு வால்வு மெட்ராஸில் எங்கும் கிடைக்காது.

உசேன் அவன் பக்கம் மெல்லக் குனிந்தான்.

"மாமு, பெல்ட் டூப்ளிகேட்டுன்னு சொல்லிடு. வண்டி ஸ்டார்ட் ஆனதும் பிச்சிகிச்சின்னு சொல்லு. அவரு இன்னா, சிங்கப்பூர் போயா கேக்கப் போறாரு?"

வில்சன் அக்காவைப் பார்த்தான். ரேச்சல் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மடியில் கைகளை வைத்துக்கொண்டு கண்ணாடி வழியாகச் சந்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"பெல்ட்ட வாங்கிக்கினு வந்தவன் இன்னா தப்பு பண்ணான்?" என்றான் வில்சன். துணியில் இருந்த போல்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து, எல்லாவற்றையும் திரும்ப மாட்டி முடித்தான். ஓடாத வண்டிக்கு ஏன் இவ்வளவு துடைக்கிறான் என்று உசேனுக்குத் தோன்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் நடந்தே பக்தவச்சலம் வீட்டுக்குப் போனான். சுற்றிய பக்கம், தளர்ந்த உருளை, பார்க்காமல் விட்ட குறி, எல்லாவற்றையும் சொன்னான். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"உண்மையைச் சொன்னே, சரி. ஆனா மத்த வண்டியை உன்கிட்ட விட எனக்கு மனசு வராதுப்பா." கையை நீட்டினார். வில்சன் சாவியை வைத்தான். "மதியம் இழுத்துட்டு வர ஆளு அனுப்பறேன்."

அங்கிருந்து பஸ் பிடித்துக் காலடிப்பேட்டை போனான். பிலோமினா வாசலிலேயே நின்றாள். நடந்து வருகிறவனைப் பார்த்ததும் தெருமுனை வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். சிவப்பாக எதுவும் வரவில்லை. அவன் சொல்ல ஆரம்பிக்க, "சாப்ட்டியா?" என்று கேட்டு உள்ளே போனாள்.

சோறும் மீன்குழம்பும் போட்டாள். மகள் அவன் முதுகில் சாய்ந்து எண்ணெய்க் கறை படிந்த விரல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். அவன் நடந்ததை முழுவதும் சொல்லி முடித்தான்.

"மூணு தபா சாமி பேரு சொல்லித்தானே சுத்தினே" என்றாள் பிலோமினா கடைசியில், குற்றம் சொல்கிற குரலில் அல்ல.

"ஆமா."

அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். "ஜூன்லேருந்து பொண்ண இந்தாண்ட ஸ்கூல்லயே சேத்துடறேன். அங்க டிசி வாங்கிக் குடு."

வில்சன் தலையசைத்தான். குழம்பை ஊற்றிப் பிசைந்தான். தட்டில் இருந்ததை எல்லாம் சாப்பிட்டான்.